மதாமின் துணி அலமாரி

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனப் போர்முனை வரைக்கும் போய்த் திரும்பிய என் கணவர், 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த காலத்தில், பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்துவிடுவதென்று எழுதிக்கொடுத்தவர்களில் ஒருவர். அதன் பயனாக, கடற்கரை மணலையும் உப்புக் காற்றையும் தவிர வேறொரு சீதோஷ்ணத்தை அறியாத நான், பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலைத்தொடர் படிப்படியாகத் தாழ்ந்து ப்ரொவான்ஸ் பிரதேசத்தோடு கலக்கும் இடத்தில், தீஞ் என்னும் சிறு நகரத்தில் குடித்தனம் நடத்த நேர்ந்தது. புதுச்சேரியில் 'சொல்தா வீடு', அதாவது பட்டாளத்தார் வீடு, என்றால் தெருவே எங்களை அறியும். அங்கேயோ எங்களை அறிந்தவர் ஒருவருமில்லை. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் மாத்திரம் பெரியவர்கள் சிலர் தலையசைப்பார்கள். ஏனெனில், யாத்திரிகை வேஷம் பூண்டு திபெத்தின் தலைநகரம் வரைக்கும் சென்று உலகப் புகழ்பெற்ற அலெக்ஸாந்திரா தாவித் நீல் அம்மையார் அந்நகரத்தில்தான் வாசம் செய்துவந்தார். அவர் 1911-இல் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைக் கண்டவர். நூறு வயது கடந்து 1969-இல் அவர் காலமாகும்வரை, 'உங்கள் ஊரைப் பார்த்தவர் ஒருவர் இங்கே இருக்கிறார்' என்று ரொட்டிக் கடைக்காரர் முதற்கொண்டு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மையாரை நான் கண்டதில்லை. நான் கண்டதும் பழகியதும், இன்றளவும் நன்றியோடு நினைப்பதும், எங்கள் சந்தின் எதிர்வீட்டில் தனியாக இருந்த ஒரு மூதாட்டியைத்தான். மலைமேல் ஒரு குடியானவக் குடும்பத்தில் பிறந்து, சிறு பிராயத்தில் அரிவாள் பிடித்து லாவெண்டர் அறுக்கப் போய், பிறகு வாழ்க்கைப்பட்டு நகரத்துக்கு வந்து, கணவரை இழந்த பின்னும் அந்த வீட்டைவிட்டு நகராதவர். அவரை நான் கடைசிவரையில் 'மதாம்' என்றே அழைத்தேன்; அவர் என்னை 'மா பெத்தீத்' என்று, நம்மூரில் மூத்த பெண்கள் 'என் கண்ணு' என்பார்களே, அந்த வாஞ்சையோடு கூப்பிடுவார். கைக்குழந்தையோடு அந்நிய தேசத்தில் குளிர்காலத்தை எதிர்நோக்கி நின்ற எனக்கு அடுப்பு மூட்டவும், கம்பளி துவைக்கவும், ஜன்னல் இடுக்குகளை அடைக்கவும் கற்றுக்கொடுத்தவர் அவர்.

வாசனைத் திரவியங்களோடு நான் பழகாதவளல்லேன். என் தாயார் குடிதண்ணீர்ப் பானையில் வெட்டிவேர் முடிச்சுப் போடுவார். பட்டுப் புடவைப் பெட்டியில் உலர்ந்த வேப்பிலை வைப்பார். வெள்ளிக்கிழமை தலை முழுகினால் சாம்பிராணிப் புகை காட்டாமல் விடமாட்டார். ஆயினும் ஒரே ஒரு செடியை வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் என்று பிரித்து, இன்ன இடத்தில் பூ, இன்ன இடத்தில் எண்ணெய், இன்ன இடத்தில் தீர்த்தம், இன்ன இடத்தில் ஒன்றுமே கூடாது என்று கணக்கு வைத்துக்கொண்டிருந்த ஒருவரை மதாமுக்கு முன் நான் கண்டதில்லை. லாவெண்டர் என்றவுடன் நமக்கு ஞாபகம் வருவது பவுடர் டப்பாவும் ஸோப்புக் கட்டியும். மதாமுக்கு அது அலங்காரமேயன்று. உப்பும் விறகும் சவுக்காரமும் எந்த வரிசையிலோ அந்த வரிசையில் அதையும் வைத்திருந்தார். ஆகவே அதற்கு அளவு உண்டு, பருவம் உண்டு, வீண் செலவு என்பதும் உண்டு.

அளவுக்கு முன்னால் அவர் கற்பித்தது வகை. ஊதா நிறத்தில் பூத்தால் எல்லாம் லாவெண்டர்தானே என்று எண்ணியிருந்த என்னை, ஒரு நாள் சந்தையிலிருந்து இரண்டு கட்டுகள் வாங்கிவந்து மேஜைமேல் அருகருகே வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்று குட்டைக் காம்பு. ஒரு காம்புக்கு ஒரே கதிர். கசக்கி முகர்ந்தால் மென்மையான, சிறிது பழ வாசனை கலந்த நறுமணம். மற்றது நீண்ட காம்பு. நடுக்கதிருக்குக் கீழே இருபுறமும் இரண்டு சிறு கதிர்கள் கிளைத்திருந்தன. முகர்ந்தவுடன் கற்பூர நெடி மூக்கில் ஏறிற்று. முன்னது மலையில் 800 மீட்டருக்கு மேல் சுண்ணாம்புக் கல் நிலத்தில் விளையும் உயர்ந்த ஜாதி. பின்னதை லவாந்தேன் என்பார்கள். அந்த உயர்ந்த ஜாதியும், மலையடிவாரத்தில் வளரும் அகன்ற இலையுடைய ஆஸ்பிக் என்னும் வேறொரு ஜாதியும் தேனீக்களின் உபயத்தால் கலந்து பிறந்தது. விதையில்லாதது, ஆகையால் பதியன் குச்சி நட்டே அதைப் பெருக்குகிறார்கள். வலான்ஸோல் பீடபூமியில் அடிவானம்வரை வரிசை வரிசையாக ஊதாக் கோடு போட்டது போலப் படங்களில் காண்கிறோமே, அது பெரும்பாலும் இந்தக் கலப்பு ஜாதிதான். எண்ணெய் அதிகம் தரும். ஆகவே விலை குறைவு. 'தரைக்கும் துணிக்கும் இது. உடம்புக்கு அது' என்று மதாம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். தீப்புண்ணில் கற்பூர நெடியுள்ள எண்ணெயைத் தடவினால் எரிச்சல் மிகுமே தவிரக் குறையாது என்பதை யோசித்தால், அந்த வாக்கியத்தின் அருமை விளங்கும்.

வால்நட் மரத்தில் செய்த அவருடைய துணி அலமாரி என் தலைக்குமேல் இரண்டு முழம் உயரம். கதவைத் திறந்தால் வாசனை முகத்தில் வந்து மோதும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். படுக்கை விரிப்பு ஒன்றை உருவி விரிக்கும்போதுதான் அதன் மடிப்பிலிருந்து இலேசாக எழும். அவ்வளவுதான் இருக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். சணல் நார்த் துணியில் நெய்த கனத்த விரிப்புகள், அவருக்குக் கல்யாணச் சீராக வந்தவை, மூலையில் சிவப்பு நூலால் பெயரெழுத்துத் தைத்தவை, அடுக்கடுக்காக இருந்தன. இரண்டு மூன்று விரிப்புகளுக்கு ஒன்றாக, உள்ளங்கையில் அடங்கும் பருத்திப் பைகளில் உலர்ந்த பூவை இட்டுச் செருகியிருந்தார். சலவை செய்துவந்த விரிப்பை எப்போதும் அடுக்கின் அடியில் வைப்பார். மேலிருப்பதை எடுத்து உபயோகிப்பார். அதனால் ஒவ்வொரு துணியும் தன் முறை வரும்வரையில் பூவோடு பூவாகக் கிடந்து மணம் ஏற்றுக்கொள்ளும். ஒன்று மட்டும் தேய்ந்து கிழியாமல் எல்லாம் சமமாக உழைக்கும்.

கம்பளித் துணிகளின் விஷயத்தில் மதாம் இன்னும் கண்டிப்பு. கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சியன்று. அது இட்ட முட்டையிலிருந்து வரும் புழுதான். லாவெண்டர் வாசனை பூச்சியை அண்டவொட்டாமல் தடுக்குமேயன்றி, ஏற்கெனவே துணியில் ஒட்டிக்கொண்ட முட்டையை அழிக்கும் சக்தி அதற்கில்லை. ஆகவே வசந்தம் பிறந்ததும் கம்பளிகளையெல்லாம் வெயிலில் போட்டு, பிரம்பால் அடித்து, மடிப்பு, தையல், காலர் அடிப்புறம் எல்லாவற்றையும் தூரிகையால் துலக்கி, துவைக்கக் கூடியவற்றைத் துவைத்து உலர்த்தி, அதன் பிறகே பூப்பையோடு பெட்டிக்குள் வைப்பார். அந்த உழைப்பைச் செய்யாமல் பையை மட்டும் தொங்கவிட்டு, 'லாவெண்டர் பலிக்கவில்லை' என்று குறை சொன்ன அண்டைவீட்டுப் பெண்களை அவர் மன்னித்ததில்லை. நானும் இன்றுவரை மன்னிப்பதில்லை. எந்தப் பச்சிலையும் நம் கை செய்ய வேண்டிய வேலையைத் தான் செய்யாது.

பூப்பைகளைவிட என் மனத்தைக் கொள்ளைகொண்டவை, 'ஃபூஸோ' என்று அவர்கள் அழைக்கும் பூக்கதிர்கள். நூல் நூற்கும் கதிரின் வடிவம் உடையவை. ஆகையால் அந்தப் பெயர். அவற்றைப் பின்னுவது ஜூலை மாதத்து மாலை வேலை. அன்றன்று அறுத்த பூவாக இருக்க வேண்டும். ஒரு நாள் தாழ்த்தால் காம்பு காய்ந்து, வளைக்கும்போது முறிந்துவிடும். நீண்ட காம்பு வேண்டுமாதலால் இதற்கு மாத்திரம் லவாந்தேனே உகந்தது. இலைகளை உருவிவிட்டு, பூத்தலைகளை ஒரே மட்டமாகச் சேர்த்து, தலைகளுக்குச் சற்றுக் கீழே நூலால் இறுகக் கட்டுவார் மதாம். காம்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். 21, 23, 25 எதுவானாலும் சரி. பிறகு கட்டைத் தலைகீழாகப் பிடித்து, ஒவ்வொரு காம்பாகக் கட்டைவிரல் நகத்தால் மெல்ல அழுத்தி, பூத்தலைகளை மூடும்படி மடித்துவிடுவார்; பூவெல்லாம் காம்புகளாலான ஒரு கூண்டுக்குள் அடங்கிவிடும். அந்தக் காம்புகளினூடே பட்டு நாடாவை ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று கோத்துச் சுற்றிவருவார். ஒற்றைப்படை என்பதன் இரகசியம் இரண்டாவது சுற்றில் வெளியாகும்: முதற் சுற்றில் மேலே போன இடத்தில் இப்போது நாடா தானாகவே கீழே போகும், மாறி மாறிப் பாய் முடைந்தாற்போல் அமைந்துவிடும். இரட்டைப்படையாக இருந்தாலோ நாடா அதே காம்பின் மேல் அடுக்கடுக்காக ஏறிக் குலைந்துவிடும். பூ முடிகிற இடத்தில் நாடாவை இறுக்கி முடிச்சிட்டு, மீந்த காம்புகளைக் கைப்பிடிபோல் சுற்றிக் கட்டிவிடுவார்.

உலர உலரக் காம்புகள் சுருங்கும், நாடா தளரும், சில வாரங்கள் கழித்து ஊசி முனையால் நாடாவை நெம்பி இறுக்க வேண்டும். இப்படிச் செய்த கதிர், பூ உதிராமல் பல வருஷங்கள் இருக்கும். வாசனை மங்கினால் உள்ளங்கையில் வைத்து அழுத்திக் கொடுத்தால் போதும். உள்ளே பூக்களின் புல்லிகளில் தங்கியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்து மணம் மறுபடி எழும். மதாமின் அலமாரியில் அவருடைய தாயார் பின்னிய கதிர் ஒன்று இருந்தது. நாடாவின் நிறம் வெளுத்து இன்ன நிறமென்று சொல்ல முடியாமல் போயிருந்தது. என் மகளுக்கு ஐந்து வயதானபோது அவளையும் மடியில் இருத்திக்கொண்டு, மேலே, கீழே, மேலே, கீழே என்று சொல்லிச் சொல்லி நாடா கோக்கக் கற்பித்தார். அவள் பிரெஞ்சில் ஒற்றைப்படை இரட்டைப்படை அறிந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்த மடியில்தான்.

சலவை நாளில் பூவுக்கு வேலை வேறு. மார்ஸேய் சவுக்காரம் போட்டு வெளுத்த துணியைக் கடைசியாக அலசும் தண்ணீரில் ஒன்றும் கலக்கமாட்டார். இஸ்திரி போடும்போதுதான், எண்ணெய் வடிக்கையில் உடன் கிடைக்கும் வாசனைத் தீர்த்தத்தைக் கையால் தெளித்து, விரிப்பைச் சுருட்டி வைத்திருந்து, பிறகு சூடான பெட்டியை ஓட்டுவார். எழும் ஆவியில் அறை முழுவதும் கமழும். பூவை வெள்ளைக் காடியில் ஊறப்போட்டு வடிகட்டிய புட்டி ஒன்று சமையலறை ஜன்னலில் எப்போதும் நிற்கும்; கண்ணாடி துடைக்கவும், தலை முழுகிய பின் கடைசித் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு முடியை அலசவும் அதுவே. கல் பாவிய தரையைக் கழுவும் வாளியில் லவாந்தேன் எண்ணெய் நாலைந்து துளி. இவ்வளவுதான், இதற்கு மேல் அவர் விட்டதில்லை.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்ட, ஓர் ஆகஸ்டு மாதத்தில் மதாம் என்னைத் தம் தங்கை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பேருந்து வளைந்து வளைந்து ஏறிய பாதையில், திராட்சையும் ஆலிவும் ஒவ்வொன்றாகப் பின்தங்கிப் போய், கல்லும் முள்ளும் காற்றுமான ஒரு மேட்டு நிலம் வந்தது. இவ்வளவு வறண்ட பூமியில் என்ன விளையும் என்று தோன்றும். ஆனால் அந்த வறட்சிதான் அந்தச் செடிக்கு வாழ்வு. வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். வெயிலையும் பனியையும் கல்லையும் அது பொறுக்கும், ஈரத்தைப் பொறுக்காது. கிராமத்தின் ஓரத்தில், ஓடை அருகே, ஒரு கொட்டகையில் செம்புக் கொப்பரை. அதன் தத்துவம் நம் இட்லிப் பானைதான்: அடியில் தண்ணீர் கொதிக்கும், நடுவிலுள்ள சல்லடைமேல் ஒருவர் ஏறி நின்று மிதித்து மிதித்துப் பூக்கட்டுகளை அடைப்பார், மூடியை இறுக்கிவிட்டால், ஆவி பூவினூடே ஏறி, அதிலுள்ள எண்ணெயையும் ஆவியாக்கி இழுத்துக்கொண்டு, குளிர்ந்த நீருக்குள் சுருள் சுருளாகச் செல்லும் குழாயில் இறங்கி மறுபடி திரவமாகும். அரை மணி நேரத்துக்கெல்லாம், குழாயின் வாயில் வைத்த செம்புப் பாத்திரத்தில், கீழே தீர்த்தமும் மேலே வெளிர் மஞ்சள் நிறமாக எண்ணெயும் பிரிந்து நின்றன. எண்ணெய் இலேசானது, மிதக்கும், மேல்மூக்கு வழியாக அது மட்டும் வழிந்து புட்டியில் இறங்கும்.

அடைத்த பூவின் குவியலையும் புட்டியில் இறங்கியதையும் மாறி மாறிப் பார்த்து நான் மலைத்து நின்றேன். உயர்ந்த ஜாதிப் பூவானால் 100 கிலோவுக்கு மேல் வடித்தால்தான் ஒரு கிலோ எண்ணெய் தேறும். குனிந்த முதுகோடு, முழங்கால் உயரச் செடியை இடக்கையால் கோலி வலக்கை அரிவாளால் அறுத்து, தோளில் முடிந்த துணித் தூளியில் போட்டுக்கொண்டு, சுற்றிலும் தேனீக்கள் இரைய, வெயில் தாழும்வரை வரிசை வரிசையாக நகர்ந்த பெண்களின் உழைப்பு அந்தப் புட்டியில் இருந்தது. மதாம் துளிக் கணக்குப் பார்த்ததன் காரணம் எனக்கு அன்று முழுமையாக விளங்கிற்று. வெந்த பூத்தாளைக்கூட அவர்கள் எறியவில்லை. உலர்த்தி அடுத்த கொப்பரைக்கு விறகாக்கினார்கள். மீந்ததை நிலத்தில் பரப்பினார்கள். பிற்காலத்தில், 1981-இல், அந்த மலைப்பிரதேசத்து உயர்ந்த ஜாதி எண்ணெய்க்கு விளையும் இடத்தை உறுதிசெய்யும் அரசாங்க முத்திரை கிடைத்தது என்று கேள்விப்பட்டபோது, அந்தக் கொட்டகையை நினைத்து என் மனம் நிறைந்தது.

உடம்புக்கு என்று மதாம் ஒதுக்கியது அந்த எண்ணெயை மாத்திரம். குளவியோ கொசுவோ கடித்தால் ஒரு துளி; தலை கனத்தால் ஆலிவ் எண்ணெயில் குழைத்து நெற்றிப்பொட்டில் ஒரு துளி; பள்ளிக்கூடத்தில் பேன் பரவுகிறது என்று சேதி வந்தால் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் ஒரு துளி. இந்தக் கடைசி வழக்கம் பிரான்ஸ் தேசத்துத் தாய்மார் பலரிடம் உண்டு. கைக்குழந்தை உள்ள அறையில் எண்ணெய்ப் புட்டியைத் திறக்கவே விடமாட்டார். என் மகளுக்கு மூன்று வயதாகும்வரை அவளருகே பூப்பைதான். வாய்க்குள் விடுவதோ கூடவே கூடாது. தீப்புண்ணுக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர், வெகு நேரம் தண்ணீர், பிறகே எண்ணெய் என்பதும் அவருடைய கட்டளை. பெரிய புண்ணானால் வைத்தியர்தான்.

தீப்புண் என்றவுடன் அந்நாட்டில் எல்லோரும் சொல்லும் சரித்திரம் ஒன்று உண்டு. லியோன் நகரத்து வாசனை ரசாயனி ரெனே மொரீஸ் கத்தஃபோஸே என்பவர் ஆய்வுசாலையில் நேர்ந்த வெடிவிபத்தில் கை வெந்து, தற்செயலாகப் பக்கத்திலிருந்த லாவெண்டர் தொட்டியில் கையை விட்டார், உடனே ஆறிற்று என்று அலங்கரித்துச் சொல்வார்கள். உண்மை அதைவிட நிதானமானது. 1910-இல் அவருக்கு அந்த விபத்து நேர்ந்தது மெய். புண் சீழ்ப்பிடித்து அழுகத் தொடங்கிய பின்னரே, தம் தொழிலில் அறிந்த திரவியத்தை அவர் யோசித்துப் பிரயோகித்தார். 1937-இல் அவர் எழுதிய நூலின் பெயரே பிற்பாடு வாசனை எண்ணெய் வைத்திய முறைக்கு உலகமெங்கும் பெயராயிற்று. எனக்கு இன்னும் நெருக்கமானது வேறொருவர் கதை. ழான் வால்னே என்னும் பட்டாளத்து வைத்தியர், 1950-களின் தொடக்கத்தில் இந்தோசீனத்தின் தொன்கினில் காயம்பட்ட போர்வீரர்களுக்குத் தாவர வாசனை எண்ணெய்களைப் பயன்படுத்தி, 1964-இல் அதைப் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டார். என் கணவர் அவரைக் கண்டவரல்லர். ஆயினும், தாம் இருந்த அதே யுத்த பூமியில் ஒரு வைத்தியர் இந்தச் சிறு பூவின் எண்ணெயோடு புண்களின் அருகே உட்கார்ந்திருந்தார் என்று படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமலிருந்தார்.

போர்முனையிலிருந்து அவர் கொண்டுவந்தவற்றுள் தூக்கமின்மையும் ஒன்று. அதை நான் மதாமிடம் சொன்னதில்லை; இரவு இரண்டு மணிக்கு எங்கள் ஜன்னலில் விளக்கெரிவதைப் பார்த்து அவரே அறிந்துகொண்டார். ஒரு மாலை, தலையணை உறைக்குள் செருகும்படி தட்டையான ஒரு சிறு பையைத் தைத்துக் கொடுத்து, 'இரவு ஒன்பது மணிக்கு விளக்கைத் தாழ்த்து. பையை அழுத்திவிட்டுத் தலையணையை வை. அவர் கையில் பத்திரிகை இருக்கக் கூடாது. வெந்நீரில் கால் நனைத்துவிட்டுப் படுக்கட்டும். இதைத் தினமும் செய்' என்றார். பூ ஒன்றே அவரைத் தூங்க வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே நேரம், ஒரே ஒழுங்கு, அதன் முடிவில் ஒரே மணம் என்று தினந்தினம் நடந்தபோது, அந்த மணம் எழுந்த மாத்திரத்தில் அவர் தோள்கள் தளர்வதை நான் கண்ணால் கண்டேன். கோடை வருமுன் எங்கள் ஜன்னலில் இரவு விளக்கு எரிவது அபூர்வமாயிற்று.

இவ்வளவு கொடுத்தவருக்கு நான் கொடுக்க என்ன இருந்தது? விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, கடலூர்ப் பக்கத்து மணற்காட்டில் விளைந்த வெட்டிவேர் ஒரு பெரிய முடிச்சுக் கொண்டுவந்தேன். மதாம் முகர்ந்தார், கண்கள் அகன்றன, 'இது ஆண்பிள்ளைகளின் வாசனையல்லவா!' என்றார். பாரிஸ் வாசனைக் கம்பெனிகள் அந்த வேரின் எண்ணெயை ஆடவர்க்கான அத்தராக அப்போது விற்கத் தொடங்கியிருந்தன. வேரை வேராகவே அவர் கண்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர்ப் பானையில் போடுவது என்று நான் விளக்கியபோது, மண் கூஜா ஒன்றைத் தேடியெடுத்து, ஒரு சிறு இழையை நுனியால் பிடித்து, 'எவ்வளவு?' என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியில் அவருடைய முழு சுபாவமும் இருந்தது.

இப்போது லாவெண்டர் உலகமெங்கும் மலிந்துவிட்டது. பாத்திரம் துலக்கும் திரவத்திலும், குப்பைப் பையிலும், மோட்டார் வண்டியின் கண்ணாடியிலும் அந்தப் பெயர் தொங்குகிறது, பெரும்பாலும் பெயர்தான். மெய்யான எண்ணெயை வாங்குகிறவர்களும் துளியை விட்டுக் கரண்டிக் கணக்கில் புழங்குகிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது. அந்த எண்ணெயின் பிரதான சத்தாகிய லினலூல் காற்றுப் பட்டு நாளானால் மாறுதலடைந்து, தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியதாகிவிடும். ஆகவே கறுப்புப் புட்டி, இறுகிய மூடி, குளிர்ந்த இடம், சிறிய அளவில் வாங்குதல் என்று மதாம் விதித்த நியமங்களெல்லாம் ரசாயன சாஸ்திரத்துக்கு முற்றும் ஒத்தவை. பெண்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான்: புட்டியின் சீட்டில் செடியின் முழுப் பெயரும் விளைந்த தேசமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், கலப்பு ஜாதியானால் தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தோலில் இடுமுன் வேறொரு எண்ணெயில் குழைத்து முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுங்கள்.

மதாம் காலமாகி நெடுநாளாயிற்று. அவருடைய தங்கை மகன் அந்த மேட்டு நிலத்தை இன்னும் உழுதுகொண்டிருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை கடிதம் எழுதுகிறான். சாறு உறிஞ்சும் ஒரு சிறு தத்துப்பூச்சி செடிக்குச் செடி ஒரு நோயைப் பரப்பி, பத்து வருஷம் நிற்க வேண்டிய புதர்கள் நாலைந்து வருஷத்தில் பாதி மஞ்சளித்துப் பட்டுப்போகின்றன என்றும், தொடர்ந்து வரும் வறட்சியும் சேர்ந்துகொண்டது என்றும் எழுதியிருந்தான். படித்து எனக்கு நெஞ்சு பதைத்தது. இந்தத் தடவை வந்த கடிதத்தில் சேதி சற்று ஆறுதலாக இருக்கிறது: பூச்சி நுழையாத வலைக் கூடாரத்தில் வளர்த்துச் சோதித்த நோயற்ற நாற்றுகளை வாங்கி, பழைய நிலத்தை விட்டு மேலேயுள்ள சரிவில் நட்டிருக்கிறானாம். வரிசைகளுக்கிடையே மண்ணை வெறுமையாக விடாமல் தானியம் விதைத்திருக்கிறான். நிலம் மூடியிருந்தால் பூச்சி இனம்பெருகுவது குறைகிறதாம். அந்தச் சரிவு எனக்குத் தெரியும். கொட்டகைக்கு மேலே, ஓடை திரும்பும் இடம். மண்ணில் பாதி கல். நட்ட மூன்றாவது கோடையில்தான் முழு அறுவடை காணும், அதுவரையில் என் மகளுக்கு அனுப்பும் புட்டி சிறியதாகத்தான் இருக்கும் என்று அவன் எழுதியிருக்கிறான்.